நாள் தள்ளிப்போவதற்கு முன்

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மருந்துக் கடைக்கு, மூன்று மாதத்து வலிப்பு மாத்திரையைச் சேர்த்து வாங்கிவிடலாம் என்று போயிருந்தேன். புகுந்த வீடு கொளத்தூர். அங்கே புதிதாக ஒரு கடையில் நின்று இந்த மாத்திரையின் பேரைச் சொல்லக் கூச்சம். கடைக்காரர் என்னைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவர். அட்டைகளை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே, "எதுக்கும்மா இத்தனை? வெளியூர் போறீங்களா?" என்றார். "கல்யாணம் அண்ணா" என்றேன்.

போட்ட ரப்பர் பேண்டைக் கழற்றினார். எனக்குப் பின்னால் நின்றவருக்கு இருமல் மருந்தைக் கொடுத்து, சில்லறை கொடுத்து, அனுப்பிவிட்டுத் திரும்பினார். "டாக்டர்கிட்ட கல்யாண விஷயத்தைச் சொல்லியாச்சா? இந்த மாத்திரை குழந்தை விஷயத்துல கொஞ்சம் ஒரு மாதிரி. கேட்டுக்கோங்க." அப்புறம் இன்னும் குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பதினோரு வருடம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறேன். மூன்று நரம்பியல் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் பேசிவிட்டு வருவேன். இதை எனக்கு முதலில் சொன்னது ஒரு மருந்துக் கடைக்காரர். அதுவும் தன் பேர் வெளியே வரக் கூடாது என்கிற நிபந்தனையோடு.

எனக்கு இருப்பது வலிப்பு நோய். பதின்வயதில் தொடங்கும் ஒரு வகை. ஜூவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்று பேர். காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் கை தன்னால் வெட்டி இழுக்கும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு சமயத்தில் பல் துலக்கும் பிரஷ் என் கையிலிருந்து பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. இன்னொரு நாள் காபி டம்ளர். "ராத்திரியெல்லாம் கண் முழிச்சுப் படிச்சா அப்படித்தான்" என்றாள் அம்மா. அதில் பாதி உண்மை இருந்தது. தூக்கம் கெட்டால் இந்த வகை வலிப்பு எளிதில் தலைகாட்டும். கெமிஸ்ட்ரி பரீட்சை அன்று காலை வாஷ்பேசின் முன்னால் விழுந்தேன். முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்தது. இன்றும் சும்மா இருக்கும்போது நாக்கு அந்த இடத்தைத் தேடிப் போகும்.

அன்று எழுதிக் கொடுத்தது வால்ப்ரோயேட். சில நாட்களில் கை வெட்டுவது நின்றது. டவுன் பஸ்ஸில் தனியாகப் போய் வந்தது, காலேஜ் முடித்தது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் அந்த மாத்திரை போட்ட பிச்சை. அதனால் அதை வில்லனாக்கி எழுத எனக்கு மனம் வராது. என் வகை வலிப்புக்கு அதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இன்றுவரை வரவில்லை. பிரிட்டனில் நடத்தி 2021-இல் வெளியிட்ட பெரிய ஒப்பீட்டு ஆய்விலும், இன்று பலரும் மாறிப்போகும் லெவெடிராசெட்டம் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. சிக்கலே அங்கேதான். நன்றாக வேலை செய்யும் மருந்தும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மோசமான மருந்தும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

எனக்கு வேறு சில தொல்லைகளும் இருந்தன. உடம்பு போட்டது. முடி கொட்டியது. மாதவிடாய் 40 நாளுக்கு ஒருமுறை, 55 நாளுக்கு ஒருமுறை என்று அதன் இஷ்டத்துக்கு வந்தது. மகப்பேறு மருத்துவரிடம் போனால் "பிசிஓடி. வெயிட்டைக் குறைம்மா" என்றார். இந்த மாத்திரைக்கும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது 1993-லிருந்தே பேசப்பட்டு வருகிறது. நரம்பியல் டாக்டர் கர்ப்பப்பையைப் பற்றிக் கேட்கவில்லை, மகப்பேறு டாக்டர் வலிப்பு மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் ட்ரெட்மில்லில் ஓடினேன்.

கடையிலிருந்து வந்த அன்று ராத்திரி போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு படித்தேன். வால்ப்ரோயேட்டின் கதை வேடிக்கையானது. 1882-இல் உருவாக்கப்பட்ட ஒரு வேதிப்பொருள். ஏறக்குறைய 80 வருடம் அதற்கு மருந்து என்ற அந்தஸ்தே கிடையாது. மற்றப் பொருள்களைக் கரைக்க உதவும் திரவம், அவ்வளவுதான். 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் வேறு சில மருந்துகளை அதில் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. எந்தக் காயைப் போட்டாலும் சாம்பார் ருசிக்கிறதே என்று யோசித்துக் கடைசியில் ருசி பருப்பில் இருந்ததைக் கண்டுபிடித்த மாதிரி. 1967-இல் அங்கே விற்பனைக்கு வந்தது. 1982-இல் அதே பிரான்சில், லியோன் நகரத்தில், இந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டில் பிளவு இருப்பதைக் கவனித்து எழுதினார்கள். நான் பிறப்பதற்கு முன்பே.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். பொதுவாக 100 குழந்தைகள் பிறந்தால் இரண்டு மூன்று பேருக்கு ஏதாவது பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். தாய் வால்ப்ரோயேட் மட்டும் சாப்பிட்டிருந்தால் அது 10 பேர் அளவுக்குப் போகிறது. டோஸ் ஏற ஏற இந்த எண்ணும் ஏறும். லமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து, லெவெடிராசெட்டம் இரண்டிலும் 3 பேருக்குக் கிட்டத்தட்ட, அதாவது மற்றவர்களைப் போலத்தான். ஆனால் என்னை உட்கார வைத்தது இதுவல்ல. உடலில் ஒரு குறையும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளிலும், 100-க்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சு தாமதமாவது, ஞாபகம், கவனம், படிப்பு இவற்றில் சிரமம் என்று வளர்ச்சிக் கோளாறு வருகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குழந்தைகளை ஆறு வயது வரை தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற வலிப்பு மருந்துகளோடு ஒப்பிட்டால் ஐ.க்யூ. 7 முதல் 10 புள்ளி குறைவு. ஸ்கேனில் இது தெரியாது. பிறந்தவுடன் விரலை எண்ணிப் பார்த்து நிம்மதி அடைய முடியாத சங்கதி.

பிரிட்டனில் 2018-லிருந்து, பிள்ளை பெறக்கூடிய வயதில் உள்ள பெண்ணுக்கு இதை எழுதினால், கருத்தடை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, வருடா வருடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே 1998-லிருந்து ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போதே பெண்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறார்கள். ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் போய்ச் சேரும் ஊர்.

பின்னாளில் என் பழைய டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "அப்ப நீ சின்னப் பொண்ணும்மா. அம்மா வேற பக்கத்துல இருப்பாங்க. குழந்தை அது இதுன்னு எப்படிப் பேசறது?" என்றார். அவர் சொல்கிற அந்த "அப்ப", எனக்கு 27 வயது.

அங்கேதான் முடிச்சு விழுந்திருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணிடம் கர்ப்பத்தைப் பற்றிப் பேசுவது நம் ஊரில் அசிங்கம். கல்யாணம் ஆன மறுவாரமே "விசேஷம் உண்டா?" என்று கேட்பது அக்கறை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு திறந்து மூடுவதற்குள் சொல்ல வேண்டியதை யார் சொல்வது?

உயிரியல் நமக்காகக் காத்திருப்பதில்லை. கரு உருவான 28 நாளுக்குள் அதன் நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். வாழை இலையை நீளவாக்கில் மடித்து விளிம்பைச் சேர்ப்பது போல, ஒரு தட்டையான தகடு மடிந்து குழாயாகிறது. அதிலிருந்துதான் மூளையும் தண்டுவடமும் வரும். மேல்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாவதில்லை, கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகில் பிளவு. இப்போது கணக்குப் போடுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிற பெண்ணுக்கே, நாள் தள்ளிப்போனது தெரியவரும்போது அந்த 28-இல் 14 நாள் போயிருக்கும். மிச்சம் இரண்டு வாரம். அதில் "இன்னும் நாலு நாள் பாக்கலாம்" என்று நாலு நாள். கிட் வாங்கக் கூச்சப்பட்டு இரண்டு நாள். இரண்டு கோடு வந்தபின், செவ்வாய்க்கிழமை வேண்டாம், அஷ்டமி வேண்டாம் என்று மூன்று நாள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம். அவர் சிரித்த முகத்தோடு ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையை எழுதித் தரும்போது அந்தக் குழாய் மூடியோ மூடாமலோ தன் வேலையை முடித்திருக்கும். 55 நாளுக்கு ஒருமுறை தீட்டு வருகிற என்னைப் போன்றவர்களுக்கு நாள் தள்ளிப்போனதே தெரிந்திருக்காது.

ஃபோலிக் ஆசிட் வீண் என்று சொல்லவில்லை. பிறகும் ரத்தத்துக்கு அது வேண்டும். ஆனால் அந்தக் குழாய்க்காக என்றால், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். சாதாரணமாக ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். ஏற்கெனவே இப்படிக் குறையோடு ஒரு குழந்தையைச் சுமந்த தாய்மார்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்து பிரிட்டன் முன்னின்று பல நாடுகளில் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது; மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இங்கே 5 மில்லிகிராம் எழுதுகிறார்கள். பொட்டு அளவு மஞ்சள் மாத்திரை. கீரை சாப்பிட்டால் போதாதா என்று அம்மா கேட்டாள். போதாது. கீரையில் இருக்கிறதுதான், ஆனால் நாம் வேகவைக்கும் வேகத்தில் பாதி தண்ணீரோடு போய்விடும். இன்னொன்று, ஃபோலிக் ஆசிட் சேர்த்துப் போட்டால் வால்ப்ரோயேட்டின் தீங்கு கழிந்துவிடும் என்று ஒரு நினைப்பு உலவுகிறது. கழியாது.

இந்தச் சத்தின் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்கிற ஆங்கிலேய மருத்துவர், 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையில் விழுவதற்குக் காரணம் தேடினார். அவர்களின் சாப்பாட்டை ஆராய்ந்தார், குரங்குகளுக்கும் அதே மாதிரி சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். கடைசியில் குணப்படுத்தியது மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு. ரொட்டியில் தடவித் தின்கிற கறுப்புப் பசை. 1931-இல் அதை எழுதி வெளியிட்டார். நடுவில் குன்னூரிலும் வேலை பார்த்தார், 1931 தொடக்கத்தில் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று இருப்பது அதுதான். அந்தச் சாற்றில் இருந்த பொருளை 1941-இல் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் என்று பேர் வைத்தார்கள். பீச் ரோட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பேன். உள்ளே சுவரில் அந்த அம்மாவின் படம் இருந்தால் நன்றாக இருக்கும்.

சரி, கல்யாணக் கதைக்கு வருகிறேன். அம்மா ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தாள்: மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது. "தெரிஞ்சா வரன் நிக்காதுடி. உனக்கு வந்தே வருஷக்கணக்காச்சு." அவளைக் குறை சொல்ல முடியாது. வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தையே ரத்து செய்யக் கேட்கலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்தது; 1999-இல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து எடுத்தது அம்மாக்களின் மனதிலிருந்து போக எத்தனை வருடம் ஆகுமோ. ஆனால் மாத்திரையை மாற்ற வேண்டும் என்றால் மறைக்க முடியாது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடைபாதை ஓரத்து பெஞ்சில் வைத்து அவரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "பைக்ல பின்னாடி உக்காரலாமா?" என்று கேட்டார். அவருக்குத் தோன்றிய முதல் சந்தேகம் அது. அந்தக் கேள்விக்காகவே கட்டிக்கொண்டேன் என்று இப்போதும் அவரைக் கிண்டல் செய்வேன்.

புது டாக்டர் ஒருவர் கிடைத்தார். பெண்மணி. உள்ளே போனதும் அம்மாவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருடம் குழந்தை வேண்டாம், அதுவரை கருத்தடை, அதற்குள் மருந்தை மாற்றலாம் என்றார். லமோட்ரிஜின் என்றால் கருத்தடை மாத்திரை அதன் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும், வேறு சில வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையையே செயலிழக்க வைக்கும் என்று ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். எனக்கு லெவெடிராசெட்டம் என்று முடிவானது. ஒன்றை மெல்ல ஏற்றி, இன்னொன்றை மெல்ல இறக்கி, எட்டு மாதம். இதைப் படித்துவிட்டு யாரும் இன்று ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிரே போகலாம்.

மெதுவாக நிறுத்தியும் எனக்கு ஒருமுறை வந்தது. ஐந்தாவது மாதம், காலை ஏழு மணி, கொளத்தூர் வீட்டுச் சமையலறை. தோசைக் கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கை வெட்டியது, கரண்டி போய்ப் பாத்திரத் தட்டில் விழுந்த சத்தம் வரை நினைவிருக்கிறது. கண் திறந்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். வலது மணிக்கட்டில் கல்லின் விளிம்பு பட்டுக் கொப்புளம். இடது உள்ளங்கையில் பீரோ சாவிக் கொத்து, எட்டு சாவி. அவ்வளவு இறுக்கமாகத் திணித்து என் விரல்களை மடக்கிப் பிடித்திருந்தார் அத்தை. கோத்ரேஜ் சாவியின் பல் பதிந்த தடம் சாயந்திரம் வரை போகவில்லை. இரும்பால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மணி பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் அத்தைக்கு அதுவரை என் நோய் தெரியாது. தெரியாத ஒன்று கண் முன்னால் நடந்தபோது அவர் ஓடிப்போய்விடவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அன்று இரண்டு பேரும் நிறைய அழுதோம். அப்புறம் அவரே தோசை சுட்டுக் கொடுத்தார்.

புது மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. கோபம் வரும். காரணமே இல்லாமல், பால் பாக்கெட் ஓரம் சரியாகக் கிழியவில்லை என்பதற்கெல்லாம் வரும். வீட்டில் அதற்கு "லெவி மூட்" என்று பேர். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்பது தெரியாமல் மூன்று மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் நாள் தள்ளிப்போனது. ஃபோலிக் ஆசிட் தொடங்கி அப்போது ஐந்து மாதம். வால்ப்ரோயேட்டை விட்ட பிறகு மாதவிடாயும் சொன்ன தேதிக்கு வர ஆரம்பித்திருந்ததால், இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

அதன்பின் வாந்தி. காலையில் மாத்திரை போட்டால் அதுவும் வெளியே வரும். மாத்திரை தங்காவிட்டால் வலிப்பு வரும். டாக்ஸிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை எழுதினார்கள். வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. "வாந்திக்கெல்லாமா மாத்திரை? எங்க காலத்துல நெல்லிக்காய அடக்கிக்குவோம்." அவர்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மசக்கைக்கும் தூக்கத்துக்கும் என்று கொடுக்கப்பட்டு, 1961-இல் நிறுத்தும்முன் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் கை கால்களைக் குறைத்துவிட்டது. ஆனால் அந்தப் பயமும் ஒரு விலை வாங்கியது. டாக்ஸிலமின் மாத்திரை அமெரிக்காவில் 1950-களிலிருந்து விற்றது. பிறவிக் குறைபாடு என்று வழக்குமேல் வழக்கு வந்து, 1983-இல் கம்பெனியே அந்த மருந்தை நிறுத்திக்கொண்டது. அதன்பின் பிறவிக் குறைபாடுகள் குறையவே இல்லை. வாந்தி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கர்ப்பிணிகள்தான் இரண்டு மடங்கானார்கள். 30 வருடம் கழித்து, 2013-இல், அதே மருந்து அங்கே திரும்ப வந்தது. நான் அத்தையிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. "இது தங்கலேன்னா சாவிக் கொத்த மறுபடி எடுக்கணும் அத்தை" என்றேன். அவரே தண்ணீர் கொண்டுவந்தார்.

ஐந்தாம் மாதம் காய்ச்சல் வந்தபோதும் இதே கூத்து. பாராசிட்டமால் ஒன்று போடுவதற்கு வீட்டில் மாநாடு. கர்ப்பத்தில் காய்ச்சலை அப்படியே விட்டால் அதுவே தீங்கு. என் விஷயத்தில் வலிப்பையும் கூட்டி வரும். 2025-இல் அமெரிக்காவில் பெரிய பதவியில் இருப்பவர்களே பாராசிட்டமாலுக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பேசியபோது வாட்சாப்பில் எனக்கு எத்தனை ஃபார்வர்டு வந்தது என்று எண்ணவில்லை. ஸ்வீடனில் ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளை வைத்து, ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. தொடர்பு எதுவும் தெரியவில்லை. வால்ப்ரோயேட்டைப் பற்றிப் பதினோரு வருடம் வாயே திறக்காத ஊர், பாராசிட்டமாலுக்குப் பதறுகிறது.

கர்ப்ப காலத்தில் உடம்பு மருந்தை வேகமாக வெளியே தள்ளுமாம். டோஸை இரண்டு தடவை ஏற்றினார்கள். அதற்குமேல் இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது, ஒன்று மற்றதைச் சேரவிடாது. காபியோடும் இரும்பைப் போடக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவில் அவர் ஒட்டிய அட்டவணை இன்னும் கிழியாமல் இருக்கிறது: காலை 7, மதியம் 1, மாலை 7, ராத்திரி 9.

பெரிய ஸ்கேன் 20-ஆவது வாரம். ஜெல்லைத் தடவிக்கொண்டே அந்த டாக்டர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று சுவரில் இருந்த போர்டை நான் பதினேழு முறை படித்தேன். கடைசியில் திரையைத் திருப்பி, மீன்முள் மாதிரி வரிசையாக இருந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, "முதுகுத்தண்டு. நல்லா மூடியிருக்கு" என்றார். நான் நன்றி சொன்னேனா என்பதே நினைவில்லை.

பிரசவ அன்று நடந்ததையும் எழுதிவிட வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி ஒன்று, பேர் வேண்டாம். வலி எடுத்துப் படுத்திருந்தேன். மாலை ஏழு மணிக்கு ஃபோனில் அலாரம் அடித்தது. மாத்திரை கேட்டேன். "வாய்வழியா எதுவும் கூடாது, டாக்டர் சொல்லணும்" என்றார் நர்ஸ். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். எட்டு மணி ஆனது. தூக்கம் இல்லை, வலி, மாத்திரையும் இல்லை; எனக்கு வலிப்பு வருவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஃபைலின் முதல் பக்கத்தில் என் நரம்பியல் டாக்டர் சிவப்பு மையில் எழுதியதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. எட்டே முக்காலுக்கு என் கணவர் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து, வார்டு வார்டாகக் காட்டி, ஒரு இளம் டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் படித்த அடுத்த நிமிடம் மாத்திரையும் ஒரு வாய் தண்ணீரும் வந்தது. மகள் விடியற்காலை நாலு மணிக்குப் பிறந்தாள்.

பிறந்தவுடன் தொடையில் வைட்டமின் கே ஊசி. அப்புறம் தாய்ப்பால் பஞ்சாயத்து. "வலிப்பு மாத்திரை பால்ல இறங்கும், புட்டிப்பால் கொடு" என்று ஆளுக்கு ஆள். இறங்கும்தான், ஆனால் வயிற்றுக்குள் ஒன்பது மாதம் கிடைத்ததைவிடக் குறைவாக. என் டாக்டர் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். துணி மாற்றுவது, பால் கொடுப்பது எல்லாம் தரையில் பாய் போட்டுத்தான். தனியாகக் குளிப்பாட்டியதில்லை. அத்தை காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவதை வாசல்படியில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அந்த வாரம் அம்மா உரைகல்லோடு வந்தாள். கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் வாங்கிய பொட்டலம்: சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு. விளக்கில் சுட்ட வசம்பைத் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவ வேண்டும். ராத்திரியில் பேர்கூடச் சொல்லக் கூடாது, "பேர் சொல்லாதது" என்பார்கள். அதில் பீட்டா ஆசரோன் என்று ஒன்று இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்ததில் குடலில் கட்டி வந்ததால், அமெரிக்காவில் உணவில் வசம்பைச் சேர்க்க 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள். பாராசிட்டமாலுக்குப் பயந்தவர்கள் ஏழு நாள் குழந்தைக்கு இதைக் கொடுக்கக் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கடையில் அட்டையில் வந்தால்தான் மருந்து, கல்லில் உரைத்தால் அது வெறும் வழக்கம். சண்டை போடத் தெம்பில்லை. வசம்பைத் தொப்புளைச் சுற்றித் தடவிக்கொள், நாக்குக்கு வேண்டாம் என்று முடிந்தது. அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தடவினாள்.

மகளுக்கு இப்போது மூன்று முடிந்துவிட்டது. அவள் கவிழ்ந்த தேதி, தவழ்ந்த தேதி, முதல் சொல் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. அம்மாக்கள் ஆசைக்கு எழுதுவார்கள். நான் பயத்தில் எழுதினேன். முதல் சொல் "காக்கா". பத்தரை மாதம். அன்றைக்கு எதிரே நிஜமாகவே காக்கா இருந்ததா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

போன மாதம் அம்பத்தூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தி மகளுக்கு 17 வயது. காலேஜ் சேர்ந்த வருடமே வலிப்பு. எங்கள் குடும்பத்தில் இன்னொருத்தி. சாமி ரூமுக்குப் பக்கத்து அலமாரியில் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். அட்டையைத் திருப்பினால் அதே பேர். சித்தி சமையலறையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சித்தி மகளைப் பால்கனிக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எதைத் தானாக நிறுத்தக் கூடாது, ஃபோலிக் ஆசிட் என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஃபோனில் தட்டிக்கொண்டே வந்தாள். "இத அம்மா முன்னாடி டாக்டர்கிட்ட எப்படிக்கா கேக்கறது?" என்றாள்.

உள்ளேயிருந்து சித்தி, "அங்க என்னடி ரெண்டு பேரும் ரகசியம்?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. காலேஜ் விஷயம்" என்றாள் அவள், சட்டென்று.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். "காலேஜ் விஷயம் இல்ல சித்தி. அவ மாத்திரை விஷயம். நாளைக்கு அவளுக்குப் பொறக்கப் போற குழந்தை விஷயம்" என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தாள், பால்கனியைப் பார்த்தாள். எண்ணெயில் இருந்த நாலு பஜ்ஜியையும் எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.